வாழ்த்தி மகிழும் எழுவர்

பிளக்ஸ் போர்டில் நடுவில் இருக்கும் பெரிய முகத்துக்காக எவனும் பிளக்ஸ் அடிப்பதில்லை. கீழே 'வாழ்த்தி மகிழும்' என்று போட்டு வரிசையாகச் சின்னச் சின்ன முகங்கள் இருக்கிறதே, அதற்காகத்தான் அடிக்கிறார்கள். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பதினாறு வருஷமாக இந்தத் தொழிலைச் செய்கிறேன், எனக்குத் தெரியாதா? காதணி விழாவில் காது குத்திக்கொள்ளும் குழந்தையின் படம் மங்கலாக இருந்தால் யாரும் கேட்பதில்லை. தாய்மாமன் முகம் சித்தப்பன் முகத்தைவிட அரை அங்குலம் குறைந்தால் கடைக்கே வந்து சட்டையைப் பிடிப்பார்கள். இதையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவன்தான் நான். கடைசியில் நானும் அதே வரிசையில் போய் நின்றேன், அதுவும் முதல் ஆளாக.

என் பெயர் மணிமாறன். முப்பத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. ஒட்டன்சத்திரத்தில் எனக்கு ஒரு பெண் பார்த்தார்கள். அவர்கள் பக்கத்தில் ஒருவர் என்னைப் பற்றி விசாரிக்க வந்தார். என் அறையில் சுவர் முழுக்க அடுக்கியிருந்த காமிக்ஸ்களைப் பார்த்தார். பிளாஸ்டிக் உறை போட்டு, நம்பர் வாரியாக, தூசி படாமல் வைத்திருந்தேன். திரும்பிப் போய், "ஏனுங்க, மாப்பிள்ளை இன்னும் பொம்மப் புஸ்தகம் படிச்சிட்டிருக்காருங்க" என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வரி எனக்கு முன்னால் ஊர் ஊராகப் போய்விட்டது. அதற்குப் பிறகு மூன்று இடம் தட்டிப்போனது.

போகட்டும். எனக்கு என் வட்டம் இருந்தது. திண்டுக்கல் காமிக்ஸ் வட்டம். மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஏழு பேர் உள்ளே உட்காருவோம். மின்வாரியத்தில் வேலை பார்க்கும் விக்னேஷ்குமார், ஒரு பி.டி. மாஸ்டர், செல்போன் ரிப்பேர் செய்கிறவர், இப்படி ஏழு ஆண்கள். புத்தகம் மாற்றிக்கொள்வோம். சண்டை போடுவோம். எங்களுக்கே எங்களுக்கென்று ஒரு விளையாட்டும் உண்டு. வெளிநாட்டு அனிமேஷன் தொடர் ஒன்றைச் சத்தமில்லாமல் மானிட்டரில் ஓட விட்டு, ஆளுக்கொரு பாத்திரமாக நின்று, நாங்களே எழுதிய தமிழ் வசனத்தைப் பேசுவோம். பெண் குரலுக்கு ஆள் கிடையாது. விக்னேஷ்குமார்தான் தொண்டையைச் சுருக்கிக்கொண்டு பேசுவான். இளவரசி இறக்கும் காட்சியில் நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்போம்.

ஸ்ரீமதி வந்த பிறகுதான் அந்தச் சிரிப்பு நின்றது.

நாலு வருஷத்துக்கு முன்னால், அவள் படித்துக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் சென்டருக்கு அட்மிஷன் பிளக்ஸ் ஆர்டர் கொடுக்க வந்தாள். இருபது வயது. வடமதுரையில் கத்திரி, தக்காளி போடும் அழகர்சாமியின் ஒரே மகள். மேஜையில் கிடந்த காமிக்ஸைப் பார்த்தவள் பிளக்ஸை மறந்துவிட்டாள்.

"அண்ணே, இது நாலாம் பாகம்ல? மூணாம் பாகம் இருக்கா?"

என் கடைக்கு வந்து அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் பெண் அவள். சந்தோஷத்தில் அங்கேயே எங்கள் கூட்டத்துக்கு வரச் சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, துணைக்குத் தன் தோழி தாஹிராவைக் கூட்டிக்கொண்டு கூட்டத்துக்கு வந்தாள். பேகம்பூரில் பிளவுஸ் தைக்கும் பெண் தாஹிரா. அவளுக்குக் காமிக்ஸும் தெரியாது, ஒன்றும் தெரியாது. மூலையில் உட்கார்ந்து கொக்கி தைத்துக்கொண்டிருப்பாள். ஸ்ரீமதி மானிட்டருக்கு முன்னால் நின்று கிழவிக்குப் பேசினாள், சூனியக்காரிக்குப் பேசினாள், ஐந்து வயதுக் குழந்தைக்குப் பேசினாள். இளவரசி இறக்கும் காட்சி வந்தது. பி.டி. மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

குரல் மட்டுமா? படமும் வரைவாள். கம்ப்யூட்டரில் அவள் செய்த ஒரு நிமிஷ அனிமேஷனில், சிறுமலை பஸ்ஸில் கூடையோடு ஏறுகிற ஒரு அம்மாள், கீழே இறங்குவதற்குள் நாலு முறை சண்டை போட்டு நாலு முறை சமாதானம் ஆகிவிடுவார். அந்த அம்மாளின் தோள் அசைவதைப் பார்த்தாலே ஆள் யாரென்று தெரியும். எனக்கு அந்தத் திறமை கிடையாது. பொறாமையாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது. ஆனால் என் கடையில், என் மானிட்டரில் வளர்கிறாள் என்ற பெருமை அதைவிடப் பெரிதாக இருந்தது. அல்லது அப்படி நினைத்துக்கொண்டேன்.

இந்த வருஷம் பிப்ரவரியில் சென்னையில் பெரிய காமிக்ஸ் திருவிழா. காஸ்ப்ளே என்று ஒரு போட்டி உண்டு. பிடித்த பாத்திரத்தின் வேஷத்தைத் தானே செய்து, அணிந்து, மேடையில் நடித்துக் காட்ட வேண்டும். ஸ்ரீமதி 'சாம்பல் ராணி'யாகப் போனாள். எரிந்துபோன ஊரிலிருந்து தப்பி வந்த அரசி, பாதி முகம் சாம்பல், தலையில் முறிந்த கொம்பு. ஃபோம் ஷீட்டை வெட்டி, சூடு காட்டி வளைத்து, கவசம் செய்தாள். எல்லாம் தாஹிரா வீட்டு மாடியில் நடந்தது. வீட்டில், சென்னைக்கு வங்கிப் பரீட்சை எழுதப் போவதாகச் சொல்லியிருந்தாள். ரயிலில் நாங்கள் ஒன்பது பேர் போனோம். சென்னையில் பெண்கள் இருவரும் தாஹிராவின் சித்தி நஸீரா வீட்டில் தங்கினார்கள். நாங்கள் லாட்ஜில்.

நானும் போட்டியில் இருந்தேன். ஒரு விண்வெளித் தளபதி. இரண்டு மாதம் உழைத்துச் செய்த உடுப்பு. ஹாலுக்குள் நுழைந்ததும் குழந்தைகள் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டன. ஒரு அம்மா, "சார், பலூன் எங்க குடுக்குறீங்க?" என்று கேட்டார். ஏதோ கம்பெனிக்காரன் நிற்க வைத்த பொம்மை என்று நினைத்துவிட்டார். முதல் சுற்றிலேயே வெளியே அனுப்பினார்கள்.

ஸ்ரீமதி முதல் பரிசு வாங்கினாள். மேடையில் அவள் ஒரே ஒரு நிமிஷம் பேசினாள். செத்துப்போன தன் ஊர்க்காரர்களின் பெயர்களைச் சொன்னாள், அவ்வளவுதான். அந்த ஹாலில் அதுவரை இருந்த இரைச்சல் எங்கே போனது என்று தெரியவில்லை. நடுவராக வந்திருந்த அனிமேஷன் ஸ்டுடியோக்காரம்மா அவளைத் தனியே அழைத்துப் பேசினார். படங்களைப் பார்த்தார். இரண்டு வாரத்தில் வேலைக்கு உத்தரவு வந்துவிட்டது. திங்கட்கிழமை சேர வேண்டும்.

வீட்டில், சென்னையில் கம்ப்யூட்டர் வேலை என்று சொன்னாள். அது பொய்யும் இல்லை. அழகர்சாமி சந்தோஷமாகச் சம்மதித்தார். தானே கூட வந்து ஹாஸ்டலில் விடுவதாகச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு டிக்கெட் போட்டார்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் கடைக்கு வந்து என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அண்ணே, நான் ரயில் ஏறுற வரைக்கும் அந்த வேஷப் படம் ஊருக்குள்ள வரக் கூடாது. டிவியில என் பேரு ஓடும்போது எங்கப்பாவ உக்கார வச்சு நானே சொல்லிக்கிறேன். அதுக்கு முந்தித் தெரிஞ்சா அவுக வேற மாதிரி நெனச்சுக்குவாக."

"நம்ம குரூப்பத் தாண்டாது தாயி" என்றேன்.

சொன்னவன் நான்தான். வெள்ளிக்கிழமை விடியற்காலையில் பத்துக்கு எட்டு பிளக்ஸை, திருச்சி ரோட்டு பஸ்கள் திரும்பும் மூலையில் கட்டியவனும் நான்தான்.

ஏன் செய்தாய் என்று இப்போது எல்லாரும் கேட்கிறார்கள். அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. குரூப்பைத் தாண்டாது என்று சொன்னது போனில் சுற்றும் படத்தைத்தானே, இது பிளக்ஸ்தானே என்று எனக்கு நானே ஒரு வக்கீல் வைத்துக்கொண்டேன். பாதி முகம் சாம்பல், யாருக்கு அடையாளம் தெரியப்போகிறது என்றும் ஒரு வாதம். நம் ஊரில் ஒருத்தி முதல் பரிசு வாங்கிவிட்டு, வழியனுப்ப ஒரு பிளக்ஸ்கூட இல்லாமல் போவதா? கவுன்சிலர் மச்சான் டூவீலர் வாங்கினதற்கெல்லாம் நான் பிளக்ஸ் அடித்துக் கொடுத்திருக்கிறேன். வட்டத்தில், நாங்கள் ஏழு பேர் மட்டும் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில், சொன்னேன். எல்லாரும் உடனே போட்டோ அனுப்பினார்கள். "என் மூஞ்சி ஏண்ணே மாஸ்டர் மூஞ்சிய விடச் சின்னதா இருக்கு?" என்று விக்னேஷ்குமார் மட்டும் சண்டைக்கு வந்தான்.

நடுவில் சாம்பல் ராணி. கீழே நாங்கள் ஏழு பேர், கறுப்புக் கண்ணாடி, மடித்துவிட்ட சட்டைக் கை. 'வாழ்த்தி மகிழும்'. முதல் முகம் என்னுடையது, மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் பெரியது. அதற்குக் கீழே என் செல் நம்பர். எல்லாவற்றுக்கும் மேலே, பதினாறு வருஷப் பழக்கத்தில் என் கை தானாக அடித்துவிட்டது: 'வடமதுரை அழகர்சாமி அவர்களின் அன்பு மகள் செல்வி ஸ்ரீமதி, பி.எஸ்சி.' தகப்பன் பெயரும் ஊரும் டிகிரியும் இல்லாமல் ஒரு பெண்ணின் பெயரை அடித்து எனக்குப் பழக்கமே கிடையாது. அடித்ததும் தெரியவில்லை, பிரிண்ட் எடுத்ததும் தெரியவில்லை, கட்டும்போது நின்று ரசித்தபோதும் தெரியவில்லை.

ஒன்பது மணிக்கு முதல் போன் வந்தது. நத்தம் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து, குரலில் வெற்றிலைக் குதப்பல்.

"நாடக செட்டுங்களாப்பா? போர்டு பாத்தேன். திருவிழாவுக்கு அந்தப் புள்ளைக்கித் தேதி இருக்கா? ஆட்டம் மட்டுமா, வசனமும் பேசுமா?"

எங்கள் பக்கத்தில் கோயில் திருவிழா நாடகங்களுக்கு இப்படித்தான் போர்டு வைப்பார்கள். வேஷம் கட்டின பெண் நடுவில், கீழே செட்டு ஆட்களின் முகங்கள், ஒரு செல் நம்பர். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வட்டத்தில் அதைப் போட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். பத்து மணிக்குள் இன்னும் இரண்டு பேர் தேதி கேட்டார்கள். அதையும் போட்டேன்.

பதினொன்றரைக்குத் தாஹிரா வந்தாள். ஸ்கூட்டியை ஸ்டாண்டு போடாமல் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தாள்.

"உங்களுக்கு மண்டையில என்னண்ணே இருக்கு? ஸ்ரீமதியோட மாமா பஸ்ல போகையில பாத்து, போட்டோ புடிச்சு அவுங்கப்பாவுக்கு அனுப்பிட்டாரு. நாடகத்துல சேந்துட்டாளான்னு கேட்டு வீடே ரெண்டாப் போச்சு."

நான் அப்போதுதான் போனில் இருந்த பிளக்ஸ் படத்தைப் பெரிதாக்கி மேல் வரியைப் படித்தேன்.

"கழட்டிர்றேன். நானே போயி அவுங்கப்பாட்ட பேசுறேன்" என்றேன்.

"நீங்க எங்கயும் போக வேணாம், ஒண்ணும் பேச வேணாம்" என்றாள் தாஹிரா. "ஸ்ரீமதி சமாளிச்சிட்டா. சென்டர்ல பாஸானவங்களுக்கு பிளக்ஸ் அடிக்க அவ பேரும் போட்டோவும் உங்க கடைக்கு வந்துச்சாம். அது நாடகக்காரங்க பிளக்ஸோட கலந்துபோச்சாம். கடக்காரரு யாருன்னே தெரியாதுன்னு சொல்லிருக்கா. போன வருசம் காதுகுத்து பிளக்ஸுல செத்தவரு படம் வந்துச்சுல்ல, அத ஞாபகப்படுத்திருக்கா. அவுங்கப்பா பாதி நம்பிட்டாரு. மீதிய உங்க வாயால கேக்க வருவாரு. 'மாறிப்போச்சுங்க, மன்னிச்சிருங்க.' அம்புட்டுத்தேன். வேற ஒரு வார்த்த வரக் கூடாது."

அந்தச் செத்தவர் படம் என் கடையில்தான் மாறியது. ஊருக்கே தெரியும். பிளக்ஸ் கடையில் முகம் மாறும் என்பதை யார் வேண்டுமானாலும் நம்புவார்கள். என் தொழிலின் அவமானத்தை வைத்தே எனக்கு ஒரு வழி செய்து கொடுத்திருந்தாள். நன்றாக இருந்தது அந்தப் பொய். நான் சரி என்றேன். போய் பிளக்ஸை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு வந்தேன்.

நாலு மணிக்கு அழகர்சாமி வந்தார். ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டை, செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டார். பின்னால் ஸ்ரீமதி. அழுத முகம், ஆனால் கழுவித் துடைத்திருந்தாள்.

"தம்பி, சண்டைக்கு வரல. தப்பா நெனக்காதீக" என்று அவர்தான் முதலில் பேசினார். "ஒரு வார்த்த கேட்டுட்டுப் போவோம்னு வந்தேன். பொம்பளப் புள்ள. நாளமக்யா நாளு, ஞாயித்துக்கெழம, மெட்ராசுக்கு வேலைக்குப் போவுது."

"மாறிப்போச்சுங்கய்யா" என்றேன். "சென்டர்ல குடுத்த பேரு, வேற பிளக்ஸுல ஏறிப்போச்சு. என் தப்புதான். மன்னிச்சுக்கங்க."

அவர் முகத்தில் இருந்த இறுக்கம் அப்படியே தளர்ந்தது. நம்பக் காத்திருந்த மனிதர். பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் கழுத்தைத் துடைத்தார். "அந்த மூஞ்சியும் எம்மக மாதிரியே இருந்துச்சா, ஒரு நிமிசம் ஆடிப்போயிட்டேன்" என்று சிரித்தார். ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். அத்தோடு முடிந்திருக்க வேண்டும். அவர் எழுந்துவிட்டார்.

எழுந்தவர், சுருட்டி வைத்திருந்த பிளக்ஸின் ஓரத்தில் எங்கள் முகங்களும் அடியில் சின்னதாகக் 'காமிக்ஸ் வட்டம்' என்ற எழுத்தும் தெரிவதைப் பார்த்துவிட்டு, மகளிடம் சும்மா கேட்டார்: "யாரும்மா இவிங்கல்லாம், கண்ணாடியும் கிண்ணாடியுமா?" கறுப்புக் கண்ணாடியில் என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"யாரு கண்டா" என்றாள் ஸ்ரீமதி. "வேல வெட்டி இல்லாத ஆளுக போலப்பா. இம்புட்டு வயசாகியும் பொம்மப் புஸ்தகம் படிச்சுக்கிட்டு வேசம் கட்டிக்கிட்டுத் திரியுதுக. இவுகளுக்கெல்லாம் எவன் பொண்ணு குடுப்பான்?"

சொல்லிவிட்டு ஒரு சின்னச் சிரிப்பு. தோளை லேசாக ஒரு குலுக்கு. அவள் அப்பா மனம்விட்டுச் சிரித்தார்.

நாலு வருஷம் அவள் பேசுவதைப் பக்கத்தில் நின்று கேட்டவன் நான். எந்தக் குரல் அவளுடையது, எது அவள் கட்டுகிற குரல் என்று எனக்குத் தெரிந்த மாதிரி இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது. அந்த நிமிஷம் அவள் நடித்தது சென்னை மேடையில் நடித்ததைவிடப் பெரிய நடிப்பு. தன் வேலைக்காக, தன் வாழ்க்கைக்காக நடித்தாள். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. ஒட்டன்சத்திரத்துக்காரர் பேசுவதாகத்தான் எனக்குக் கேட்டது. அவள் மனதில் இருந்ததுதான் வெளியே வந்துவிட்டது என்று நம்பினேன்.

"யாரு வேல வெட்டி இல்லாதவன்?" என்றேன்.

ஸ்ரீமதி என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையைக்கூட ஆட்ட முடியாது அவளால், அப்பா பக்கத்தில் நிற்கிறார்.

"நாலு வருசமா யாரு கடையில உக்காந்து படம் போடப் படிச்ச? யாரு மானிட்டரு அது? மெட்ராசுக்கு ரயிலு டிக்கெட்டு யாரு போட்டது? ஒம்பது பேரும் ஒண்ணாத்தானே போனோம், நீ மேடையில நிக்கையில கீழ நின்னு கை தட்டுனது யாரு? இப்ப நாங்க யாருன்னு தெரியலயா ஒனக்கு?"

என் குரல் ஏறிக்கொண்டே போனது எனக்கே கேட்டது. நிறுத்த முடியவில்லை என்று சொல்ல மாட்டேன். நிறுத்தவில்லை. கடைசிக் கேள்வியைக் கேட்டு முடித்தபோது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

அழகர்சாமி மகளைப் பார்த்து, "பேங்குப் பரீட்சன்னியே தாயி" என்றார். அவ்வளவுதான். அந்தப் பெண்ணிடம் எத்தனையோ குரல் இருந்தது, ஒன்றும் வரவில்லை. அவர் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார். அவள் பின்னால் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை அந்த ரயில் போனது. இரண்டு சீட்டும் காலியாகப் போனதாகத் தாஹிரா போனில் சொன்னாள். அன்றைக்கே சின்னாளப்பட்டியிலிருந்து பெண் பார்க்க வந்துவிட்டுப் போனார்களாம். போன் ஸ்ரீமதி கையில் இல்லையாம். "இனிமே இந்த நம்பருக்குக் கூப்டாதீங்க" என்று தாஹிரா வைத்துவிட்டாள். வட்டத்தில் விக்னேஷ்குமார் மட்டும், "வீட்டுக்காரங்க பிரச்சினை, நாம என்ன செய்ய முடியும்" என்று போட்டிருந்தான். ஐந்து பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்குச் சென்னை நம்பரிலிருந்து ஒரு பெண் அழைத்தார். நல்ல மரியாதையான குரல்.

"மணிமாறன் சாருங்களா? ஸ்டுடியோல இருந்து பேசறோம். ஸ்ரீமதி மேடம் இன்னைக்கு ஜாயின் பண்ணணும், அவங்க போன் சுவிட்ச் ஆஃப்னு வருது. ஃபார்ம்ல அவசரத்துக்குக் கூப்பிடன்னு உங்க நம்பர்தான் குடுத்திருக்காங்க. உறவுமுறைல அண்ணன்னு போட்டிருக்கு. நீங்க அவங்க அண்ணன்தானே?"

பின்னால் பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினேன்.

"ஆமாங்க" என்றேன்.

"வந்துட்டிருக்காங்களா சார்?"

"இல்லைங்க. வர மாட்டாங்க. வீட்ல கல்யாணம் பேசுறாங்க."

"ஓ, அப்படிங்களா!" அந்தப் பெண்ணின் குரலில் உண்மையாகவே சந்தோஷம் இருந்தது. "எங்க எல்லார் சார்பாவும் வாழ்த்துச் சொல்லிடுங்க சார்."

சொல்கிறேன் என்றேன்.